எல்லையோரச் சடலங்களும் துப்பு துலங்காத கொலைகளும்

ஊரெங்கும் கண்காணிப்புக் கேமரா, ஆளுக்கொரு கைப்பேசி, மரபணுப் பரிசோதனை என்று இத்தனையும் வந்த பிறகும் கொலை வழக்குகள் துப்பு துலங்காமல் கிடப்பது ஏன், முற்காலத்தில் இப்படி இருந்ததில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் வசிக்கும் ஒருவருக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல என்பதை அறிவேன். எல்லைப் பகுதியின் குற்ற வழக்குகளை நீதிமன்றத்தில் நீண்ட காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடலம் கிடைத்த முதல் ஓரிரு நாட்களில் அந்த மரணம் காவல் நிலையத்தில் எந்தத் தலைப்பின் கீழ் பதிவாகிறது, இறந்தவர் யார் என்பது தெரிகிறதா என்ற இரண்டைப் பொறுத்தே ஒரு கொலை துலங்குவதும் துலங்காமல் போவதும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. கருவிகளுக்கெல்லாம் அதன் பிறகுதான் வேலை.

கொலைகள் துலங்குவது குறைந்து வருகிறது என்ற பேச்சு முக்கியமாக அமெரிக்காவைப் பற்றியது. 1960-களின் நடுப்பகுதியில் அங்கே நூறு கொலைகள் நடந்தால் ஏறத்தாழ 90-இல் யாரேனும் கைது செய்யப்பட்டார்கள். 2020, 2021 ஆண்டுகளில் அது சுமார் பாதியாகச் சரிந்து, பிறகு ஓரளவு மீண்டிருக்கிறது. கணவன் மனைவி, அண்டை வீட்டார், குடித்துவிட்டுச் சண்டையிட்ட நண்பர்கள் ஆகியோருக்குள் நடந்த கொலைகளின் பங்கு குறைந்து, ஒருவரை ஒருவர் அறியாதவர்களும் கும்பல்களும் செய்யும் கொலைகளின் பங்கு கூடியது முதல் காரணம். துப்பாக்கி இரண்டாவது காரணம்: தூரத்தில் நின்று சுட்டுவிட்டு வாகனத்தில் போய்விடுபவன் தன் இரத்தத்தையோ முடியையோ விரல் ரேகையையோ சடலத்தருகே விட்டுச் செல்வதில்லை. காவல்துறையை நம்பாத பகுதிகளில் பார்த்தவர்கள் வாய் திறப்பதில்லை என்பது மூன்றாவது. பின்லாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில் இன்றும் நூற்றுக்கு 90-க்கு மேல் துலங்குகின்றன. அங்கே மொத்தக் கொலைகள் குறைவு, துப்பாக்கியும் குறைவு, கொன்றவர் பெரும்பாலும் கொல்லப்பட்டவருக்குத் தெரிந்தவர்.

அமெரிக்காவின் அந்தப் பழைய 90-ஐயும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1989 முதல் அங்கே மரபணுப் பரிசோதனையால் நிரபராதிகள் என்று நிரூபணமாகிப் பல ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு வெளியே வந்தவர்களில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் கைதான நாளில் அந்த வழக்குகளும் ‘துலங்கியவை’ என்றுதான் எண்ணப்பட்டன. நம் நாட்டிலும் பொற்காலம் என்று ஒன்று இருந்ததில்லை. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும், நம் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947-இல் விடுதலையானார்கள். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிலைநாட்டப்படவில்லை.

இந்தியக் கணக்கில் கைதுகள் அவ்வளவாகக் குறையவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. காவல்துறை புலன்விசாரணையை முடித்த கொலை வழக்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 80-இல் குற்றப்பத்திரிகை தாக்கலாகிறது. ஆனால் நீதிமன்றத்தில் விசாரணை முடியும் கொலை வழக்குகளில் தண்டனையில் முடிபவை பாதிக்கும் குறைவு. எஞ்சியவற்றில் ஒருவரைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையான பிறகு உண்மையான குற்றவாளியைத் தேடி யாரும் மறுபடி கிளம்புவதும் இல்லை. காவல்துறை ஏட்டில் இவை கண்டுபிடிக்கப்பட்ட வழக்குகளாகவே நிற்கின்றன. துப்பு துலங்காத கொலைகள் பெருமளவில் ஒளிந்திருப்பது இந்த விடுதலைத் தீர்ப்புகளுக்குள்தான்.

இவை தவிர, கொலை என்றே எண்ணப்படாத கொலைகள் இருக்கின்றன. குளத்தில் மிதந்த உடல், தண்டவாளத்தில் சிதறிய உடல், தூக்கில் தொங்கிய உடல் ஆகியவை முதலில் கொலை வழக்காகப் பதிவாவதில்லை. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவு, இவற்றின் கீழ் சந்தேக மரணம் என்று பதிவாகின்றன. கொலை என்று தெரிந்தால் மட்டுமே பிரிவு மாற்றப்படும். அந்த இடைவெளியில் சம்பவ இடம் ஊராரின் காலடியில் மிதிபட்டுப்போகிறது, உடைகள் கழற்றி வீசப்படுகின்றன, உடல் வேகமாகத் தகனத்துக்குப் போகிறது, அருகிலிருக்கும் கடைக் கேமராவின் பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடுகிறது. தற்கொலைதான் என்று ஒரு காவல் அதிகாரி மனதுக்குள் முடிவு செய்த பிறகு உடற்கூறாய்வு அறைக்கு அனுப்பும் படிவத்திலும் அதுவே எழுதப்படுகிறது. மருத்துவரும் அந்த வாசகத்தைப் படித்துவிட்டே கத்தியை எடுக்கிறார்.

கோட்டயம் கன்னியாஸ்திரி சகோதரி அபயா வழக்கைவிட இதற்குத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1992 மார்ச் 27 அன்று விடுதியின் கிணற்றில் அவரது உடல் கிடைத்தது. உள்ளூர்க் காவல்துறையும் பின்னர் கேரளக் குற்றப்பிரிவும் தற்கொலை என்றன. 1993-இல் பொறுப்பேற்ற சி.பி.ஐ.யும் வழக்கை முடித்துக்கொள்ள அனுமதி கேட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிக்கை தாக்கல் செய்தது. நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் ஏற்க மறுத்தது. 2008-இல் கைது, 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் சி.பி.ஐ. நீதிமன்றத்தில் தண்டனை. 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைத்தது. உடைகள் போன்ற ஆரம்பகாலச் சான்றுப் பொருள்கள் என்றோ அழிக்கப்பட்டுவிட்டிருந்தன. அன்றிரவு திருடுவதற்காக அந்த வளாகத்துக்குள் நுழைந்திருந்த ஒரு மனிதரின் சாட்சியத்தை இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றம் நம்ப வேண்டியதாயிற்று. அவர் கடைசிவரை தம் வாக்குமூலத்தில் உறுதியாக நின்றதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் முதல் நாளில் கிணற்றடியில் ஒழுங்காகச் செய்திருக்க வேண்டிய வேலைக்கு அது ஈடாகாது. ஆந்திரத்திலும் இதே கதை உண்டு: 2019 மார்ச் 15 அன்று கடப்பா மாவட்டம் புலிவெந்துலாவில் முன்னாள் அமைச்சர் ஒய்.எஸ். விவேகானந்த ரெட்டி வீட்டில் இறந்து கிடந்தபோது முதலில் பரவிய செய்தி மாரடைப்பு என்பது. உடலில் வெட்டுக் காயங்கள் இருப்பது பேசப்படுவதற்குள் இரத்தம் துடைக்கப்பட்டிருந்தது. வசதியும் செல்வாக்கும் உள்ள ஒருவரின் வீட்டிலேயே இப்படியென்றால், ஆதரவற்ற ஒருவரின் சடலத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நம் எல்லைக்கு வருவோம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நிர்வாகம் இரண்டானது. கொண்டான் கொடுத்தான் உறவும் தொழிலும் ஆசுபத்திரியும் ஒன்றாகவே நீடிக்கின்றன. களியக்காவிளையில் நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி இருக்கிறது, ஆனால் ஊரம்பிலும் பனச்சமூட்டிலும் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அந்தப்பக்கம் போகும் சிறு சாலைகளை எந்தச் சாவடியும் முழுவதுமாகக் காவல் காக்க முடியாது. கேரளப் பக்கத்துப் பாறசாலையில் ஒருவர் காணாமல் போனால் கேரளக் காவல் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் கீழ் மலையாளத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். அவரது உடல் குழித்துறை ஆற்றில் ஒதுங்கினால் தமிழில் சந்தேக மரணமாகப் பதிவாகும். தமிழகக் கரையின் நீரோடிக்கும் கேரளக் கரையின் பொழியூருக்கும் இடையே கடல் ஒரு உடலை எந்தக் கரையில் போடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாடு முழுவதும் காவல் நிலையங்களை இணைக்கும் கணினி வலையமைப்பு இருக்கிறது என்பது உண்மையே. ஆனாலும் அங்க அடையாளங்களை எவ்வளவு விரிவாக உள்ளிட்டார்கள், பெயரை எந்த எழுத்துக்கூட்டில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தே அதில் ஒன்றோடொன்று பொருந்தும். உரிமை கோர ஆளில்லாத உடல் சில நாட்கள் பிணவறையில் வைக்கப்பட்டுப் பிறகு அடக்கம் செய்யப்படுகிறது. பல்லோ எலும்போ மரபணுப் பரிசோதனைக்காக எடுத்து வைக்கப்படாவிட்டால் பின்னாளில் உறவினர் வந்தாலும் ஒப்பிட ஒன்றும் இருக்காது. காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத சடலங்கள் ஆகியோரின் மரபணு விவரங்களுக்கென்று தனித் தொகுப்புகளை உருவாக்கும் மசோதா 2019-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்டு 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. இந்தக் குறையை நான் மற்றெல்லாக் குறைகளுக்கும் மேலாக வைக்கிறேன். இறந்தவர் யார் என்று தெரியாதவரை அவருக்குப் பகைவர் யார், கடன் கொடுத்தவர் யார், கடைசியாக அவரைக் கைப்பேசியில் அழைத்தவர் யார் என்ற கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாது.

பெயர் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சான்று 1952-இன் ஆளவந்தார் வழக்கு. சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் ரயிலில் தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஆளவந்தார் முன்பு இராணுவத்தில் பணியாற்றியவர் என்பதால் விரல் ரேகை அங்கே பதிவில் இருந்தது. அதை வைத்து உடல் அவருடையதே என்று உறுதியானது. யார் என்று தெரிந்த பிறகு அவர் கடைசியாக எந்த வீட்டுக்குப் போனார் என்று தேடிக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. இதே எல்லையில் 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அருகிலிருந்த கேமராப் பதிவிலிருந்து தொடங்கி ஒரு வாரத்துக்குள் இருவர் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். துப்பாக்கி எர்ணாகுளத்தில் மீட்கப்பட்டது. மூன்று மாநிலக் காவல்துறைகள் ஒன்றாக இயங்கின. இயங்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. கொல்லப்பட்டவர் ஒரு காவலர் என்பதால் அந்த வேகம் வந்தது, அதில் தவறில்லை. பெயர் தெரியாத ஒரு கட்டடத் தொழிலாளியின் உடலுக்கும் அதில் பத்தில் ஒரு பங்கு வேகமாவது வர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லை ஒரு வழக்கை எப்படிச் சிக்கலாக்கும் என்பதை 2022-இன் பாறசாலை வழக்கில் நீங்களே பார்த்திருப்பீர்கள். கல்லூரி மாணவரான அந்த இளைஞர் குமரி மாவட்டம் இராமவர்மன்சிறையில் தம் காதலியின் வீட்டில் கஷாயத்தோடு கலந்த களைக்கொல்லியை அருந்தினார்; பதினொரு நாள் கழித்துத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் இறந்தார். நஞ்சு கொடுத்த இடம் தமிழ்நாடு, மரணம் கேரளம். புலன்விசாரணை யாருடையது, விசாரிக்க வேண்டிய நீதிமன்றம் எது என்ற கேள்வி எழுந்தது. செயல் நடந்த இடத்திலும் அதன் விளைவு நேர்ந்த இடத்திலும் வழக்கை விசாரிக்கலாம் என்று சட்டம் அனுமதிப்பதால் நெய்யாற்றின்கரை நீதிமன்றமே விசாரித்து 2025 ஜனவரியில் தண்டனை வழங்கியது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி போன்ற நஞ்சு உடனே கொல்வதில்லை. சிறுநீரகமும் நுரையீரலும் நாட்கணக்கில் செயலிழந்து, பார்ப்பவர்களுக்கு ஏதோ நோய் போலவே தோன்றும். அந்த இளைஞரும் நடுவரிடம் கொடுத்த மரண வாக்குமூலத்தில் காதலி மீது குற்றம் சாட்டவில்லை. குடும்பத்தினர் விடாமல் கேட்டதும், கைப்பேசிச் செய்திகளும் இணையத் தேடல்களும் அழியாமல் கிடைத்ததுமே அதைக் கொலை வழக்காக நிறுத்தின. கேட்பதற்கு ஆளில்லாத குடும்பமாக இருந்திருந்தால் அது ஒரு மருத்துவமனை மரணமாகவே முடிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொலையின் இயல்பும் மாறியிருக்கிறது. கொல்ல விரும்புபவரும் கொல்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் கூலிப்படைக் கொலைகளில், வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவருக்கும் எந்த முன்பகையும் இருக்காது. ஆகவே யாருக்கு இதில் ஆதாயம் என்ற பழைய வழியில் தேடினால் அது வெட்டியவனிடம் கொண்டுபோய் விடுவதில்லை. தூண்டியவர் அந்நேரம் திருமண வீட்டில் பலர் கண்ணெதிரே அமர்ந்திருப்பார். சில நாட்களில் தொலைவிலுள்ள ஏதோ ஒரு நீதிமன்றத்தில் சிலர் சரணடைவார்கள். அவர்கள்தான் செய்தவர்களா, அல்லது அவர்களை அனுப்பிவைத்தார்களா என்று கேட்கும் பொறுமை பல வழக்குகளில் இருப்பதில்லை. திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று கொல்லப்பட்ட தொழிலதிபர் ராமஜெயம் வழக்கு உள்ளூர்க் காவல்துறை, சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., 2022-இல் அமைக்கப்பட்ட சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கைமாறிக்கொண்டே வந்தும் துலங்கவில்லை. அமைச்சராக இருந்த ஒருவரின் உடன்பிறந்தவர் அவர். செல்வாக்கு இல்லாததால்தான் வழக்குகள் துலங்குவதில்லை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

விசாரிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சட்டம் ஒழுங்கு என்றும் குற்றம் என்றும் காவல் நிலையப் பணி பிரிந்திருந்தாலும், சாதாரணக் கொலை வழக்கு சட்டம் ஒழுங்கு ஆய்வாளரிடமே வருகிறது. காலையில் சடலத்தைப் பார்த்தவர் மாலையில் கோயில் கொடைக்கோ கட்சிப் பொதுக்கூட்டத்துக்கோ பந்தோபஸ்து போக வேண்டும். புலன்விசாரணையைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இலேயே உத்தரவிட்டது. நடைமுறையில் அது எங்கும் முழுமையாகவில்லை. கைப்பேசி நிறுவனங்கள் தரும் அழைப்பு விவரப் பட்டியல் வந்த பிறகு பல அதிகாரிகள் ஊருக்குள் போய்ப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதும் என் கணிப்பு. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கொலை செய்யக் கிளம்புபவனுக்கு எதிராக அந்தப் பட்டியல் ஒன்றும் சொல்லாது; அதை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய காலமும் 2021 டிசம்பர் முதல் இரண்டு ஆண்டுகள்தான், அதற்கு முன் ஓராண்டு. தற்கொலை என்று மூடிய கோப்பை மூன்றாண்டு கழித்துத் திறப்பவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் தொடங்க வேண்டும்.

நீதிமன்றத்தில் வழக்கு உடைவது எப்படி என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதன் வழியாகக் கண்டெடுக்கப்பட்ட பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். ஆகவே கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டான், அவர் முன்னிலையில் அரிவாளை எடுத்துக் கொடுத்தான் என்றே வழக்குக்கு வழக்கு எழுதப்படுகிறது; முன்பின் தெரியாத ஒரு அலுவலரைத் தேடிப் போய் ஒருவன் ஏன் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி கேட்டால் பதில் இருப்பதில்லை. நேரில் பார்த்தவர்கள் ஆண்டுகள் கழித்துக் கூண்டில் ஏறி, முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்சாட்சியாகிறார்கள். எதிரியின் வீட்டைக் கடந்துதான் தினமும் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும் என்றால் யார்தான் துணிவார்கள்? சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு நிகராக்கியது, ஆனால் அப்படி ஒன்று இருப்பதே நம் பக்கத்துச் சாட்சிகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2015-இல் திருச்செங்கோட்டில் காணாமல் போய்த் தண்டவாளத்தில் உடலாகக் கிடைத்த கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சியே பிறழ்ந்தார். கோயில் கேமராப் பதிவு இருந்ததால் 2022-இல் தண்டனை சாத்தியமாயிற்று. பொதுமக்களின் கோபத்துக்கு அவசரமாக ஓர் ஆளைக் காட்டினால் என்னாகும் என்பதற்கு விஜயவாடா அருகே 2007-இல் விடுதியில் மாணவி கொல்லப்பட்ட வழக்கு இருக்கிறது: 2010-இல் தண்டிக்கப்பட்ட இளைஞர் 2017-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார், சி.பி.ஐ. மறுபடி விசாரித்தது, பத்தாண்டுக்கு மேற்பட்ட காலம் கைவிட்டுப் போனது.

புதிய சட்டத்தில் சில நல்ல ஏற்பாடுகள் உண்டு. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் மாநில அரசு அறிவிக்கும் நாளிலிருந்து தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வருவதும் காணொளிப் பதிவும் கட்டாயம். ஆனால் மரணம் சந்தேக மரணமாகப் பதிவான நிலையில் இந்தக் கட்டாயம் தானாகச் செயல்படாது. சந்தேக மரணங்கள் அனைத்துக்கும் இதை விரிவாக்கினால், வேறெந்தச் சீர்திருத்தத்தையும்விட அதிகக் கொலைகள் வெளிச்சத்துக்கு வரும் என்பது என் கருத்து.

கடைசியாக, உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ இப்படி ஒரு மரணம் நேர்ந்தால் என்ன செய்யலாம் என்று சொல்லிவிடுகிறேன். ஐயம் இருந்தால் உடலைத் தகனம் செய்யாதீர்கள், அடக்கம் செய்யுங்கள். 2019-இல் கோழிக்கோடு கூடத்தாயி தொடர் கொலை வழக்கில் பல ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்து ஆய்வு செய்ய முடிந்தது அப்படித்தான். எந்த மாநிலக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லையைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இல்லை, பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். ஒருவர் காணாமல் போயிருந்தால் நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று இரு பக்கத்துப் பிணவறைகளிலும் விசாரியுங்கள், பல் மருத்துவரிடம் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தொண்ணூறு நாட்களுக்குள் விசாரணையின் நிலையைப் புகார்தாரருக்குத் தெரிவிப்பது இப்போது காவல்துறையின் கடமை. கண்டுபிடிக்க இயலவில்லை என்று வழக்கை முடித்து அறிவிப்பு அனுப்பினால் அதைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்: குற்றவியல் நடுவர் உங்களைக் கேட்காமல் அந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லியிருக்கிறது, ஆட்சேபணை மனு கொடுத்து மேல்விசாரணை கேட்கலாம். கொலைக்குக் காலவரம்பு கிடையாது.